பூஜ்யம் என்ற அளவு

லேத் பட்டறையில் 'டாலரன்ஸ்' என்ற வார்த்தையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வரைபடத்தில் குறித்த அளவிலிருந்து கடைந்த உருப்படி எவ்வளவு விலகலாம் என்கிற வரம்பு அது. விலகலே கூடாது என்று பட்டறையில் எவரும் கேட்பதில்லை. எந்த லேத்தும் அப்படிக் கடைந்து தராது. கேட்பவை அரசாங்கங்கள்தாம். அற்பக் குற்றத்தையும் விடமாட்டோம் என்பதற்கு அவை எடுத்துக்கொண்ட 'ஸீரோ டாலரன்ஸ்' தமிழ்ப் பத்திரிகைகளில் 'பூஜ்ய சகிப்புத்தன்மை' ஆகிவிட்டது. தன்னிடம் பொறுமை துளியும் இல்லை என்று ஓர் அரசு பெருமையடித்துக்கொள்ளும் விபரீதம் இந்தத் தமிழில்தான் காதில் விழுகிறது.

1988இல் அமெரிக்கச் சுங்க இலாகா, துளி கஞ்சா அகப்பட்டாலும் கப்பலையே பறிமுதல் செய்வது என்று கிளம்பியது. டைட்டானிக்கின் சிதைவை ஆராய்ந்து திரும்பியிருந்த 'அட்லாண்டிஸ் 2' ஆராய்ச்சிக் கப்பலும் ஸான் டியாகோவில் பிடிபட்டது. சிட்டிகைகூட இல்லாத கஞ்சாவுக்காக! சீக்கிரமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கப்பல்களுக்கு இது நடக்கும்.

மனிதர்கள் விஷயம் வேறு. ஜேம்ஸ் வில்ஸனும் ஜார்ஜ் கெல்லிங்கும் 1982இல் எழுதிய கட்டுரை, உடைந்த ஒரு ஜன்னலைப் பழுதுபார்க்காமல் விட்டால் மற்ற ஜன்னல்களும் உடையும் என்றது. ஜன்னலுக்குக் கண்ணாடி போதும். 1994இல் மேயரான ஜூலியானியின் நியூயார்க்கில் ஜன்னல் ஸ்தானத்துக்கு ஆட்கள் வந்தார்கள்: டிக்கெட் இல்லாமல் சுரங்க ரயில் ஏறுபவன், சிக்னலில் கார்க் கண்ணாடி துடைத்துக் காசு கேட்பவன். பத்திரிகைகள் இதற்கு ஸீரோ டாலரன்ஸ் என்று பெயரிட்டன. கெல்லிங் அந்தப் பெயரை ஏற்கவில்லை. பெயர் யாரைக் கேட்டு நிற்கிறது? கொலைகள் குறைந்தது நிஜம். ஆனால் 1990இல் 2,245ஆக இருந்த எண்ணிக்கை ஜூலியானி வருவதற்கு முன்பே இறங்கத் தொடங்கியிருந்தது. 2011இல், புளூம்பெர்க் காலத்தில், நியூயார்க் போலீஸ் ஏறக்குறைய 6,85,000 தடவை ஆட்களைத் தெருவில் நிறுத்தியது. பெரும்பாலோர் கறுப்பர்கள், லத்தீன் அமெரிக்க வம்சத்தினர். கிட்டத்தட்ட பத்துக்கு ஒன்பது தடவை கைதுமில்லை, சம்மனுமில்லை. 2013இல், அது நடந்த விதம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017இல் நிறுத்தல்கள் 12,000க்கும் கீழே போயின; கொலைகள் 292.

இந்தச் சொற்றொடரை முழுக்கக் கேலி செய்துவிட முடியாமல் என்னைத் தடுப்பது எடின்பரோ. 1992இல் அந்த நகர மன்றம் இதே இரண்டு வார்த்தைகளைப் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராகச் சுவரொட்டிகளில் அச்சிட்டது. படங்களில் காயமில்லை, ரத்தமில்லை. வசதியான, சாதாரண வீடுகள். அவற்றில் பெண்களும் குழந்தைகளும். அடிப்பவன் கௌரவமான மனிதனாக இருக்கலாம், ஊர் அவனை எப்போதும் சகித்தே வந்திருக்கிறது என்பது சேதி. அங்கே திரும்பப் பெறுவதற்குச் சகிப்பு என்று ஒன்று இருந்தது. கார்க் கண்ணாடி துடைக்கிறவனுக்கு நியூயார்க் அதை எப்போது கொடுத்திருந்தது?