கோடும் ஒளியும்: ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோனின் கலைவாழ்வு

கலைஞரை அவர்தம் கருவியால் அடையாளம் காண்பது உலகியல்பு. யாழால் பாணரையும் உளியால் சிற்பியையும் அறிகிறோம். எனினும், கருவியை இருமுறை மாற்றியும் தம் பார்வையை மாற்றிக்கொள்ளாத கலைஞர்களும் உளர். பிரெஞ்சு நாட்டு ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன் அத்தகையவர். ஒளிப்படக் கலைஞர் என்றே உலகம் அவரைப் போற்றிற்று. ஆயினும் அவர் வாழ்வு ஓவியத்தில் தொடங்கிக் கோட்டோவியத்தில் நிறைவுற்றது.

1908இல் செல்வம் மிக்க நூற்றொழிற் குடும்பத்தில் பிறந்த அவர், குலத்தொழிலை விரும்பாது 1927இல் ஓவியர் ஆந்திரே லோத்திடம் மாணவராகச் சேர்ந்தார். வடிவங்களின் அளவையும் இயைபையும் லோத் வற்புறுத்திக் கற்பித்தார். 1931இல் மேற்காப்பிரிக்கா சென்றவர், கடுங்காய்ச்சலால் உயிருக்குப் போராடித் திரும்பினார். அதன்பின், தாங்கனிக்கா ஏரியின் அலைக்குள் ஓடும் மூன்று சிறுவரை மார்ட்டின் முன்காச்சி எடுத்த ஒளிப்படம் அவர் கண்ணில் பட்டது. கணப்பொழுதும் ஓவியத்தின் ஒழுங்கோடு அமையக்கூடும் என்பதை அப்படம் அவருக்கு உணர்த்திற்று. 1932இல் லைக்கா என்னும் சிறு கருவியை வாங்கினார்.

படம் எடுத்தபின் அதன் ஓரங்களை வெட்டித் திருத்துவதை அவர் ஏற்றதில்லை. 1932இல் பாரிஸின் சான் லாசார் ரயில் நிலையத்தின் பின்புறம், தேங்கிய நீரைத் தாவிக் கடக்கும் மனிதரை எடுத்த புகழ்பெற்ற படம் அரிய விலக்கு. வேலியின் இடுக்கு வழியே எடுத்தமையால் ஓரத்தை நீக்க நேர்ந்தது. ஈற்றடி முச்சீராய் முடிதல் வேண்டும் என்பதை அறிந்தே முதற்சீரை எடுக்கிறார் வெண்பாப் புலவர். எல்லையை முன்னரே ஏற்று அதனுள் நிறைவு காணும் அந்நெறியே இவருடையதும். லோத்திடம் கற்ற ஓவியப் பாடம் கருவிக்குள் தொடர்ந்தது எனலாம்.

1940இல் செர்மானியரிடம் சிறைப்பட்டு, இருமுறை தப்ப முயன்று தோற்று, 1943இல் மூன்றாம் முயற்சியில் மீண்டார். அவர் இறந்துவிட்டதாகக் கருதி நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் நினைவுக் கண்காட்சிக்கு ஆயத்தம் செய்தது. 1947இல் அது நடைபெற்றபோது அவரே உடனிருந்தார். அவ்வாண்டே ராபர்ட் காப்பா முதலியோருடன் மாக்னம் என்னும் ஒளிப்படக் கலைஞர் கூட்டுறவை நிறுவினார்.

பின்னர் இந்தியா வந்தார். 1948 சனவரி 30 அன்று தில்லியில் காந்தியடிகளைச் சந்தித்து, அக்கண்காட்சியின் நூலைக் காட்டி விடைபெற்றார். சிறிது நேரத்தில் அண்ணல் சுடப்பட்டார். மக்கள் வெள்ளத்தின் துயரையும் இறுதி ஊர்வலத்தையும் அவர் கருவி பதிவு செய்தது. சீனத்தின் ஆட்சி மாற்றத்தையும் நேரில் கண்டு படமாக்கினார். 1950 ஏப்ரல் 14 இரவு ரமண மகரிஷி மறைந்தபோது அவர் திருவண்ணாமலையில் இருந்தார். வானில் ஒளி ஒன்று மெல்ல நகர்ந்து அருணாசல உச்சியை நோக்கிச் சென்றதைக் கண்டு, 8.47 என நேரத்தைக் குறித்துக்கொண்டார். பயணத்தை அவர் காட்சி வேட்டையாகக் கொள்ளவில்லை. ஓர் ஊரில் நெடுநாள் தங்கி, அதன் வாழ்வோட்டத்தில் கலந்து காத்திருப்பதே அவர் வழக்கம்.

1952இல் மத்தீஸ் வரைந்த அட்டையோடு வெளிவந்த தொகுப்பு அவர் புகழை நிலைநாட்டிற்று. இருந்தும் 1970களின் தொடக்கத்தில் ஒளிப்படப் பணியினின்று பெரிதும் விலகி, பென்சிலை மீண்டும் கையிலெடுத்தார். உலகறிந்த பெயர் பெற்றவர், லூவர் அருங்காட்சியகத்தில் மாணவர்போல் அமர்ந்து பழைய ஓவியங்களைப் பார்த்து வரைந்தார். 1975இல் நியூயார்க்கில் அவருடைய கோட்டோவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஒளிப்படங்களுக்குக் கிடைத்த புகழ் அவற்றுக்குக் கிட்டவில்லை. அதனால் அவர் பழைய கருவிக்குத் திரும்பிவிடவில்லை. முதுமையிலும் வரைந்துகொண்டே இருந்தார். 2004 ஆகஸ்டு 3 அன்று மறைந்தார்.

கைவந்த கலையால் வரும் புகழை விடுத்து, கைவராத கலையின் முன் மாணவராக அமர்வது எளிதன்று. ஒரு வடிவத்தில் பெயர் பெற்ற கவிஞர்க்கு அவ்வடிவமே வேலியாகிவிடுவதும் உண்டு. அவ்வேலியைத் தாண்டிய கலைஞராகவும் கார்த்தியே பிரெஸ்ஸோனைக் கலைவரலாறு நினைவுகூர்தல் தகும்.