பதினேழு நோயாளரும் ஐந்து இலட்சம் நோயாளரும்



கிண்ணியாவிலோ மூதூரிலோ வாழும் முதியவர் ஒருவரிடம் மலேரியாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். குளிர் நடுக்கமும் மாத்திரையின் கசப்பும் அவர் நினைவில் இருக்கும். உங்கள் பிள்ளைகளுக்கோ அது பாடப்புத்தகச் சொல் மாத்திரமே.

1934ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தது. மழை இல்லாவிடின் நுளம்பும் குறையும் என்றுதான் எவரும் எண்ணுவர். நடந்தது அதற்கு நேர்மாறானது. களனி கங்கையும் மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் வற்றி, ஆற்று மணலில் தேங்கிய குட்டைகளில் மலேரியா நுளம்பு பெருகியது. கேகாலை, குருநாகல் பக்கத்து மக்களின் உடலில் இந்நோய்க்குப் போதிய எதிர்ப்புச் சக்தி இருக்கவில்லை. 1935 முடிவதற்குள் நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். எமது திருகோணமலை போன்ற வரண்ட பிரதேசங்களிலோ அது காலங்காலமாக இருந்துவந்த நோய். சிறுவயதிலேயே அதில் அடிபட்டுத் தப்பியோரே வளர்ந்தனர்.

உலகப் போர் முடிந்ததும் வீட்டுச் சுவர்களுக்கு டிடிடி தெளிக்கப்பட்டது. 1963இல் நாடு முழுவதிலும் கண்டறியப்பட்ட நோயாளர் 17 பேர் மட்டுமே. இனி அச்சமில்லை என்று தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. மழை மீண்டும் பொய்த்தது. 1969இல் நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. போதாக்குறைக்கு நுளம்பும் டிடிடிக்கு ஈடுகொடுக்கப் பழகிக்கொண்டது.

கைநழுவியதை மீட்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. இடையில் யுத்தம் வேறு. ஆயினும் இருதரப்புக் கட்டுப்பாட்டுப் பிரதேசங்களிலும் மலேரியாப் பணி முற்றாக நின்றுவிடவில்லை. காய்ச்சலோடு வந்தோர் இரத்தப் பரிசோதனைக்கு விரல் நீட்டினர். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

அந்த நீட்டிய விரல்தான், என் கருத்தில், மருந்தினும் பெரிது. கொவிட் காலத்தை எண்ணிப் பாருங்கள். 2020 ஏப்ரலில், மரணித்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களையும் எரிக்க வேண்டுமென ஆணை வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனமே கூறியும் 2021 பெப்ரவரி வரை அது மாறவில்லை. பின்னர் ஓட்டமாவடியில் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரித்துவிடுவார்களோ என்று அஞ்சும் குடும்பம் நோயாளியை வைத்தியசாலைக்கு எப்படிக் கொண்டுவரும்? ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் என அறிந்த உமர் (ரழி) அவர்கள், முஹாஜிர்கள், அன்சாரிகள், குறைஷி மூத்தோர் என மூன்று சாராரிடமும் ஆலோசனை கேட்ட பின்னரே திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். கலீஃபாவாக இருந்தும் கேட்டார்கள்.

ஆணையிட்டோர் தவறியதற்காக நாம் விரலை மடக்கிக்கொள்ள இயலாது. 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு பல உயிர்களைக் காவு கொண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். மலேரியா நுளம்பும் நம்மை விட்டுப் போய்விடவில்லை. கிருமிதான் இங்கில்லை, அது பயணிகளின் இரத்தத்தில் வருகிறது. மாணிக்கக்கல் வியாபாரத்திற்காக மடகஸ்கார், ஆபிரிக்கா சென்று திரும்புவோரில் நம் சமூகத்தவரும் உள்ளனர். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், திரும்பி மாதங்கள் கடந்தபின் காய்ச்சல் வந்தாலும், தாம் சென்றுவந்த நாட்டை வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லட்டும். அரச வைத்தியசாலையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.