கட்டைவிரலுக்கு ஒரு எழுத்து

ஒரு நிமிஷம் இந்தப் பத்திரிகையைக் கீழே வையுங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தொங்கவிடுங்கள். இப்போது முழங்கையை மட்டும் மடக்கி, கைகளை முன்னால் கொண்டுவாருங்கள். உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும், கும்பிடப் போகிற மாதிரி! நடுவே உங்கள் தோள் அகலத்துக்கு இடைவெளி.

இதே கைகளைக் கம்ப்யூட்டர் கீபோர்டு மேல் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்றால் மூன்று காரியங்கள் நடந்தாக வேண்டும். முதலில், இரண்டு கைகளும் நடுவே நெருங்கி வர வேண்டும். அப்படி வந்ததும் மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக ஒடிந்துகொள்ளும். அடுத்து, உள்ளங்கை தரையைப் பார்த்துத் திரும்ப வேண்டும். முன்கையில் இருக்கும் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றதன் மேல் குறுக்கே ஏறினால்தான் அது முடியும். கடைசியாக, நீளமான நடுவிரலும் குட்டையான சுண்டுவிரலும் ஒரே வரிசையில் ‘அட்டென்ஷனில்’ நிற்க வேண்டும். ஒன்று மடங்க, ஒன்று எக்க... தினமும் எட்டு மணி நேரம்.

அளவே எடுக்காமல் தைத்த சட்டை! தைத்தது யார்?

அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்துக்காரர், கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ். பத்திரிகைக்காரர், அச்சுத் தொழில் தெரிந்தவர். 1868-ல் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து டைப்ரைட்டருக்கு பேட்டன்ட் வாங்கினார். 1873-ல் அந்த மெஷின், துப்பாக்கியும் தையல் மெஷினும் செய்துகொண்டிருந்த ரெமிங்டன் கம்பெனிக்குப் போனது. 1874-ல் கடைக்கு வந்தபோது பார்க்கவும் தையல் மெஷின் மாதிரியே இருந்தது. அடுத்த வரிக்குப் போக, காலால் ஒரு பெடலை மிதிக்க வேண்டும்!

உங்கள் கீபோர்டை ஒருமுறை குனிந்து பாருங்கள். ‘க்யூ’வுக்கு நேர் கீழே ‘ஏ’ இல்லை, கொஞ்சம் தள்ளி இருக்கும். ‘ஏ’வுக்குக் கீழே ‘இசட்’டும் அப்படித்தான். ஏன் தெரியுமா? டைப்ரைட்டரில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு கம்பி ஓடியது. கம்பிகள் ஒன்றையொன்று இடிக்காமல் போக வழிவிட்டுத்தான் வரிசைகளை நகர்த்தி வைத்தார்கள். கம்பி போய் எத்தனையோ காலமாகிவிட்டது. நகர்த்தல் மட்டும் போகவில்லை. இன்ஸ்டிடியூட்டில் ‘ஏ எஸ் டி எஃப்’ அடித்து லோயர், ஹையர் பாஸ் செய்த அத்தனை பேரும் அந்தக் கம்பிகளுக்கு வளைந்துகொடுத்தவர்கள்தான்.

(எழுத்து வரிசையை மாற்றினால் போதாதா என்று 1936-ல் ஆகஸ்ட் த்வோராக் என்ற சியாட்டில் பேராசிரியர் புது வரிசைக்கு பேட்டன்ட் வாங்கினார். அவர் மாற்றியது எழுத்துக்களின் இடத்தை. பலகையின் வடிவத்தில் அவர் கை வைக்கவில்லை. அது தனிக்கதை, இன்னொரு நாள் பார்ப்போம்.)

சரி, இதனால் கைக்கு என்ன கேடு என்கிறீர்களா? கை வலிக்கு வயது டைப்ரைட்டரைவிட அதிகம். இத்தாலிய டாக்டர் பெர்னார்டினோ ரமாஸ்ஸினி, தொழிலாளர்களுக்கு வரும் நோய்களைப் பற்றி 1700-ல் ஒரு புத்தகம் எழுதினார். 1713 பதிப்பில் எழுத்தர்களுக்கென்று தனி அத்தியாயமே சேர்த்தார். அவருக்குத் தெரிந்த ஒருவர் எழுதி எழுதியே வலது கை வலுவிழந்து போனாராம். மனுஷர் விடவில்லை, இடது கையால் எழுதப் பழகினார். கொஞ்ச நாளில் அந்தக் கைக்கும் அதே கதி! ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே மாதிரி அசைத்துக்கொண்டே இருப்பது, தப்பு வந்துவிடக் கூடாதே என்ற மன அழுத்தம் என்று மூன்று காரணங்களை எழுதிவைத்தார் ரமாஸ்ஸினி. முன்னூறு வருஷத்துக்கு முன்பே இத்தனை தெளிவு!

அடுத்து வந்தவர்களுக்கு அந்தத் தெளிவு இல்லை. தந்தி அடிக்கும் ஊழியர்களின் கை முடங்கியபோது, பிரிட்டனில் தபால் இலாகா ஒரு கமிட்டி போட்டது. 1911-ல் அறிக்கை வந்தது. அதிக வேலையால் வரும் களைப்பு ஒரு காரணம், ஊழியரின் நரம்புத் தளர்ச்சி இன்னொரு காரணம் என்றார்கள். அதாவது, கருவியின் மேல் பெரிய தப்பில்லை, ஆள் சரியில்லை!

இந்தப் பல்லவி 1980-களில் ஆஸ்திரேலியாவில் மறுபடியும் கேட்டது. ஆபீஸ்களில் டைப்ரைட்டர் போய் கம்ப்யூட்டர் வந்த நேரம். டெலிகாம் ஆஸ்திரேலியா ஊழியர்கள் உட்பட ஆயிரக்கணக்கானவர்கள், முக்கியமாகப் பெண்கள், கை வலிக்கிறது என்றார்கள். ‘ஆர்.எஸ்.ஐ.’ என்ற மூன்றெழுத்து அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த வார்த்தை ஆனது. ‘நஷ்ட ஈட்டுக்காக நடிக்கிறார்கள்’ என்று ஒரு கோஷ்டி, ‘மனசுதான் காரணம்’ என்று ஒரு கோஷ்டி. கேலியாக ‘கங்காரு பாதம்’ என்று பெயர்கூட வைத்தார்கள். பெண் ஊழியர் வலி என்றால் முதலில் சந்தேகப்படுவது என்பது எந்த ஊரிலும் நடப்பதுதானே!

இதற்கெல்லாம் முன்பே, தப்பு கை மேல் இல்லை, பலகை மேல்தான் என்று சொன்னவர்கள் உண்டு. 1926-லேயே ஜெர்மனியில் க்ளோக்கன்பெர்க் என்பவர், கீபோர்டை இரண்டாகப் பிளந்து கூரை மாதிரி சரித்து வையுங்கள் என்று எழுதினார். பிறகு கார்ல் க்ரோமர் என்ற ஆராய்ச்சியாளர் அதைச் சோதித்து, 1972-ல் கட்டுரையாக வெளியிட்டார். கட்டுரையைப் பாராட்டினார்கள். கீபோர்டை யாரும் மாற்றவில்லை.

நிஜமாகவே செய்து காட்டியது இங்கிலாந்தில் இரண்டு பேர். லிலியன் மால்ட், கீபோர்டு பயிற்சியில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஸ்டீஃபன் ஹாப்டே, எஞ்சினீயர். அவர்கள் செய்த கீபோர்டின் பெயர் ‘மால்ட்ரான்’. வருடம் 1977. தட்டைப் பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டு, கைக்கு ஒன்றாக இரண்டு கிண்ணங்கள் மாதிரி குழித்தார்கள். நடுவிரலுக்கு ஆழமான குழி, சுண்டுவிரலுக்கு மேடு. குட்டை விரல் எக்க வேண்டியதில்லை, கட்டையே மேலே வந்து நிற்கும். கட்டைகள் நேர்ப் பத்தியில் இறங்கும். கம்பிதான் இல்லையே!

இதைவிட முக்கியமான ஒன்றையும் கவனித்தார்கள். கையில் வலுவான விரல் கட்டைவிரல். வழக்கமான கீபோர்டில் அதற்கு என்ன வேலை? இரண்டு கட்டைவிரலுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஸ்பேஸ் பார். சோப்ளாங்கியான சுண்டுவிரலுக்கோ ஷிஃப்ட், என்டர், பேக்ஸ்பேஸ் என்று மூட்டை மூட்டையாகச் சுமை! மால்ட்ரானில் கட்டைவிரலுக்கென்று ஒரு கொத்துக் கட்டைகள் கொடுத்தார்கள். மால்ட் வகுத்த புது எழுத்து வரிசையில், ஆங்கிலத்தில் அதிகம் வரும் ‘ஈ’ என்ற எழுத்தையே இடது கட்டைவிரலுக்குத் தந்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், ஷோல்ஸுக்குப் பிறகு கீபோர்டில் நடந்த ஒரே பெரிய சிந்தனை இதுதான். ஒரு கையை மட்டும் பயன்படுத்த முடிகிறவர்களுக்கென்று ஒற்றைக் கை மாடலும் செய்தார்கள். அவர்களுக்கு அது சௌகரியம் இல்லை, பிழைப்பு.

விலைதான் யானை விலை. எண்ணிக்கையில் கொஞ்சமாகச் செய்யும் பொருள் வேறெப்படி இருக்கும்? அமெரிக்காவில் கினெசிஸ் என்ற கம்பெனி 1992-ல் இதே கிண்ண யோசனையோடு, ஆனால் வழக்கமான எழுத்து வரிசையிலேயே ஒரு கீபோர்டு கொண்டுவந்தது. அதன் வாரிசான ‘அட்வான்டேஜ் 360’ 2022-ல் வந்தபோதும் விலை சுமார் 450 டாலர். கூடவே ஒரு மறைமுக விலையும் உண்டு. முதல் சில நாட்கள் உங்கள் டைப்பிங் ஆமை வேகத்துக்கு இறங்கிவிடும். சொந்தப் பெயரை அடிக்கவே திணறுவீர்கள்!

1994-ல் மைக்ரோசாஃப்ட் களத்தில் குதித்தது. ‘நேச்சுரல் கீபோர்டு.’ கிண்ணமும் இல்லை, கட்டைவிரல் கொத்தும் இல்லை. பழைய பலகையை நடுவில் பிளந்து, இரண்டு பாதியையும் கொஞ்சம் திருப்பி, நடுவைக் கொஞ்சம் தூக்கிவிட்டார்கள். அவ்வளவுதான். புதிதாக எதுவும் கற்க வேண்டாம். (‘6’ மட்டும் இடது பக்கம் போய்விட்டது. வலது கையால் அதை அடித்துப் பழகியவர்கள் திட்டினார்கள்.) விலை சுமார் 100 டாலர். அமோக விற்பனை!

அந்தச் சமயத்தில் கோர்ட்டிலும் சூடு. 1996 டிசம்பரில் நியூயார்க் புரூக்ளினில், டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியின் கீபோர்டால் கை கெட்டுப்போனதாக வழக்குப் போட்ட ஒரு செக்ரட்டரிக்கு 50 லட்சம் டாலருக்கு மேல் தரச் சொல்லி ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். மறு வருஷமே நீதிபதி அதை ரத்து செய்து மறு விசாரணைக்கு உத்தரவிட்டார். கீபோர்டு குற்றவாளியா இல்லையா என்பதைக் கோர்ட்டாலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

விஞ்ஞானம் என்ன சொன்னது? 1999-ல் வெளியான ஒரு சோதனையைப் பாருங்கள். கை உபாதை உள்ள 80 கம்ப்யூட்டர் ஊழியர்கள். இருபது இருபது பேராக நாலு கோஷ்டி. மூன்று கோஷ்டிக்கு மூன்று கம்பெனிகளின் பிளவு கீபோர்டு, நாலாவது கோஷ்டிக்கு வழக்கமான கீபோர்டு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வலி குறையும் போக்கு தெரிந்தது மைக்ரோசாஃப்ட் கோஷ்டியில்தான். பாகங்களை இஷ்டம்போல நகர்த்திக்கொள்ளும் மற்ற இரண்டுக்கும் அந்தப் பெயர் கிடைக்கவில்லை. ஆனால், ஒரு ‘ஆனால்’ இருக்கிறது. டாக்டர்கள் கையைப் பரிசோதித்தபோது எந்தக் கோஷ்டிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வலி குறைந்தது என்பது அவர்களே சொன்னது. கிண்ண வடிவக் கீபோர்டு எதுவும் அந்தச் சோதனையில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆக, எதை வாங்கலாம்? கையில் வலி இல்லாதவர் 450 டாலரைக் கொட்ட வேண்டியதில்லை. பிளந்து சரித்த சாதாரண ரகமே தாராளம். மைக்ரோசாஃப்ட் தன் பெயரில் கீபோர்டு போடுவதை நிறுத்தப்போவதாக 2023-ல் அறிவித்தாலும், அதே மாதிரி பிளவு கீபோர்டுகளை மற்ற கம்பெனிகளும் செய்கின்றன. எழுத்தே தொழிலாகி, கை முனகவும் ஆரம்பித்துவிட்டவருக்குக் கிண்ண ரகத்தின் விலை அநியாயம் இல்லை. பழகுவதற்குச் சில வாரம் பொறுமை இருந்தால் சரி. ஆனால், எந்தக் கீபோர்டையும் மருந்துச்சீட்டு என்று நினைத்து வாங்காதீர்கள். விரல் மரத்துப்போனால் முதலில் டாக்டர்.

அதுவரைக்கும் ஒன்று செய்யலாம். உங்கள் கீபோர்டின் பின்பக்கம் அடியில் இரண்டு குட்டிக் கால்கள் இருக்கும். அழகாக இருக்கிறதே என்று பலரும் அவற்றை நிமிர்த்தி வைத்திருப்பார்கள். அவை மணிக்கட்டை இன்னும் மேல்நோக்கி வளைப்பதைத் தவிர உங்கள் கைக்கு ஒரு நன்மையும் செய்வதில்லை. இன்றைக்கே மடக்கிவிடுங்கள். செலவு ஒரு பைசா இல்லை.