திருப்பூர் விரல்களின் சரித்திரம்

நொய்யல் நதிக்கரையில் பஞ்சு வியாபாரத்துக்குப் பெயர் பெற்றிருந்த திருப்பூரில், 1925-ஆம் ஆண்டு குலாம் காதர் என்பவர் முதல் பனியன் தொழிற்சாலையை நிறுவினார் என்று தொடங்கி, 1980-களில் ஏற்றுமதி பெருகி ஊர் உலகப் பிரசித்தி அடைந்தது என்று முடிப்பதே இவ்வூரின் கதையைச் சொல்வோரின் வழக்கமாக இருந்து வருகிறது. இயந்திரங்களையும் பணத்தையும் எண்ணுகிற அந்தக் கதையில், அவற்றின் முன் உட்கார்ந்திருந்த மனிதர்களின் விரலும் கண்ணும் காதும் மூளையும் என்ன கற்றன, எதைச் சகித்தன என்பதற்கு இடம் மிகக் குறைவு. ஆயினும், பனியன் கம்பெனிக்குப் போகும் தாய் தந்தையரின் பிள்ளைகளுக்கு நரம்பு மண்டலத்தை விளக்க அந்த விரல்களின் கதையைவிடச் சிறந்த பாடம் வேறில்லை என்பது என் எண்ணம்.

பனியன் தொழில் பெருகுவதற்கு முன் இங்கே செழித்தது கதர். 1925-இல் காந்தியடிகள் நிறுவிய அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரில் அமைந்து, சுற்றுக் கிராமங்களில் பெண்கள் நூற்ற நூலை வாங்கிக் கதராக்கியது. ராட்டையின் முன் அமர்ந்த ஒருத்தி வலக்கையால் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இடக்கை விரல்களால் பஞ்சை மெல்ல இழுக்கும்போது, இழை எங்கே தடிக்கிறது, எங்கே மெலிந்து அறுபடப் போகிறது என்பதை விரல் நுனியே அறிந்துவிடும். முதுகில் இரண்டு முனைகளை ஓரங்குல இடைவெளியில் வைத்தாலும் ஒன்றென்றே நமக்குத் தோன்றக்கூடும். விரல் நுனியோ இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியைக்கூடப் பிரித்தறியும். ஸ்பரிசத்தை அறியும் நுண்ணுறுப்புகள் அங்கே அத்தனை நெருக்கமாக அமைந்திருக்கின்றன. அவை தரும் செய்தி உணர்ச்சி நரம்புகளின் வழியே கையில் ஏறி, தண்டுவடத்தில் புகுந்து, மூளையின் அடித்தண்டில் மறுபக்கம் மாறி, இடக்கையின் சங்கதி வலப்பாதி மூளைக்கும் வலக்கையின் சங்கதி இடப்பாதி மூளைக்கும் போய்ச் சேர, அங்கிருந்து கட்டளை இயக்க நரம்புகளின் வழியே தசைகளுக்கு இறங்குகிறது. நரம்பும் பல இழைகள் சேர்ந்த கற்றைதான். ஆனால் பருத்தியின் இழை ஏறக்குறைய ஓரங்குலத்தில் முடிந்துவிட, முதுகின் அடியிலிருந்து பாதம் வரை செல்லும் நரம்பிழையோ ஒரே உயிரணுவின் நீட்சியாக ஒரு மீட்டர் தூரம் ஓடுகிறது. ராட்டையின் வேகம் அந்தப் பெண்ணின் வேகம். அவள் நரம்புக்கு எட்டாத வேகத்தில் அது ஒருநாளும் சுழன்றதில்லை.

தொடக்ககாலப் பின்னல் இயந்திரங்களும் கையால் சுழற்றப்பட்டவையே. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, கோயமுத்தூர்ப் பிரதேசம் மின்சாரம் கண்ட பிறகே இயந்திரம் மனிதனை முந்த ஆரம்பித்தது. ஊசி ஒன்று முறிந்தால் துணியில் நெடுகக் கோடு விழும் ஆதலால், அனுபவசாலியான தொழிலாளி துணியைப் பார்ப்பதோடு சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருப்பான். அது புத்திசாலித்தனமான பழக்கம். கண்ணால் கண்டு கை அசையச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு வினாடி ஆகுமென்றால், காதால் கேட்டு அசைய அதைவிடச் சற்றுக் குறைவாகவே ஆகும். நரம்பின் வேகத்தை அளக்கவே முடியாது என்று அறிஞர்கள் நம்பியிருந்த காலத்தில், 1850-இல் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் அதை அளந்து, வினாடிக்குச் சுமார் 30 மீட்டர் என்று கண்டார். மனிதனின் மிக விரைவான நரம்பிழைகள் வினாடிக்கு 100 மீட்டரையும் எட்டும். ஆச்சரியமான வேகந்தான்; ஆயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

அந்த எல்லையை, துணியின் ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் இயந்திரம் கடந்துவிட்டது. ஊசி குத்தியதும் கை வெடுக்கென்று பின்வாங்குவது மூளையின் உத்தரவால் அன்று. தண்டுவடமே நேரே கட்டளையிட்டுவிடுகிறது, வலி பிறகுதான் மூளைக்குத் தெரிகிறது. இத்தனை சுருக்கமான வழியிலும் பத்தில் ஒரு பங்கு வினாடி கழிந்துவிடலாம். நிமிஷத்துக்கு 5,000 தையல் போடும் ஊசி அதற்குள் எட்டு முறை இறங்கி ஏறிவிடும். விரலில் ஊசி ஏறிய டெய்லரை அஜாக்கிரதைக்காரர் என்று கடிந்துகொள்வது எத்தனை அநியாயம் என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

புதிதாக மெஷினில் உட்காருபவருக்கு ஒவ்வோர் அசைவிலும் கவனம் வேண்டியிருக்கிறது. மாதங்கள் செல்லச் செல்ல, பின்தலையில் இருக்கும் சிறுமூளை அந்த அசைவுகளைச் சீர்செய்து தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வதால், பழகிய டெய்லர் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே கழுத்துப்பட்டி வைத்துவிடுவார். இப்படிக் கற்றதை மூளை உறுதிப்படுத்திக்கொள்வதில் தூக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்று இன்றைய சாஸ்திரம் சொல்கிறது. டெய்லருக்குத் துணையாகக் கைமடி வேலைக்குச் சிறுவர் சிறுமியரை வைத்திருந்த காலத்தையும், மூளை வளர்ந்துகொண்டிருந்த அவ்வயதில் அவர்கள் தூக்கத்தை இழந்து ஒன்றரை ஷிப்டு முடிய நின்றதையும் நினைக்கையில், இத்தொழிலின் சரித்திரத்தில் இதைவிடப் பெரிய நஷ்டக் கணக்கு வேறெதுவும் எனக்குத் தென்படவில்லை.

பீஸ் ரேட்டுக்கு உழைக்கும் கைகளுக்கு இன்றும் ஓர் ஆபத்து உண்டு. மணிக்கட்டின் குறுகிய வழியில் தசைநாண்களோடு சேர்ந்து ஒரு நரம்பு செல்கிறது. ஓயாமல் மடித்தும் வெட்டியும் தைத்தும் வரும் கையில் அங்கே வீக்கம் உண்டாகி நரம்பை அழுத்தினால், கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்துப்போகும். அதை வெறும் களைப்பென்று தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு அவர்களுடைய பிள்ளைகளே எடுத்துச் சொல்லலாம்: தொடக்கத்திலேயே மருத்துவரிடம் காட்டி, மணிக்கட்டு மடங்காமல் பட்டை கட்டி ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் குணமாகும், வருஷக்கணக்கில் விட்டுவிட்டால் கட்டைவிரலின் அடித்தசை மெலிந்து, ஊசியில் நூல் கோக்கவும் முடியாமல் போகலாம்.