டர்போ காருக்கு அலுமினிய இன்டர்கூலர் பைப் மாத்தலாமா? காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

லாரியை ஓவர்டேக் செய்ய ஆக்சிலரேட்டரை அழுத்துகிறீர்கள். பானெட்டுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி காரில் இழுவையே இல்லை. எதிரே பஸ் வந்துகொண்டிருக்கிறது.

டர்போ காரில் இன்டர்கூலர் பைப் ஜாயின்ட்டிலிருந்து கழன்றால் நடப்பது இதுதான். பழசான கம்பெனி பைப்பிலும் நடக்கும், ஆசையாக வாங்கி மாட்டிய பளபள அலுமினிய பைப்பிலும் நடக்கும். புது பைப்பில் நடந்தால், குற்றம் பெரும்பாலும் பைப்பில் இருக்காது. மாட்டிய விதத்தில் இருக்கும்.

இந்த பைப்புக்கு என்ன வேலை?

சைலன்சருக்குப் போகும் புகையின் வேகத்தில் டர்போ சுழன்று, வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. அமுக்கினால் காற்று சூடாகும். 35 டிகிரியில் உள்ளே போகும் காற்று, 1 பார் பூஸ்ட்டில் டர்போவை விட்டு வெளியே வரும்போது 100 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. பெட்ரோல் இன்ஜினில் நாக்கிங் பிரச்சனையும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் நடுவில் ரேடியேட்டர் மாதிரி ஒரு இன்டர்கூலர். டர்போவிலிருந்து அதற்குப் போகும் பைப் 'ஹாட் சைடு', அங்கிருந்து இன்ஜினுக்கு வருவது 'கோல்டு சைடு'.

எல்லா டர்போ காரிலும் இந்த அமைப்பு இருக்காது. உதாரணத்துக்கு விர்டஸ், ஸ்லாவியா போன்ற கார்களில் வரும் 1.0 டிஎஸ்ஐ இன்ஜினில், தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே இருக்கிறது. பம்பர் வரை போய் வரும் நீளமான பைப்பே அதில் கிடையாது. உங்கள் காரில் எப்படி என்று பார்க்காமல் 'கிட்' ஆர்டர் போடாதீங்க.

பவர் கூடுமா?

நேரடியாகச் சொன்னால், கம்பெனி செட்டிங்கில் ஓடும் காருக்கு பைப் மட்டும் மாற்றினால் பெரிதாக எதுவும் கூடாது. சத்தம் கொஞ்சம் மாறும், அதை 'பிக்கப் ஏறிடுச்சு'ன்னு நினைச்சுக்குவோம். ரீமேப் செய்து பூஸ்ட்டை ஏற்றியவர்களுக்குத்தான் இது உண்மையிலேயே தேவைப்படுகிறது. அந்த அழுத்தத்தில் கம்பெனி ரப்பர் ஹோஸ் உப்பும், பிளாஸ்டிக் பைப் விரிசல் விடும். பழைய டீசல் காரில் ஹோஸ் கிழிந்துவிட்டது என்றால், அதே கம்பெனி ஹோஸை வாங்கிப் போடுவதே போதும்.

'பெரிய பைப் போட்டா நல்லது'ங்கிறதும் முழுக்க சரியில்லை. கணக்கு எளிது. 2 இஞ்ச் பைப்பில் 1 பார் பூஸ்ட் இருந்தால், ஜாயின்ட்டைப் பிடுங்கித் தள்ளும் விசை சுமார் 21 கிலோ எடைக்குச் சமம். இரண்டரை இஞ்ச் பைப்பில் 32 கிலோ. 3 இஞ்ச்சில் 46 கிலோ. பூஸ்ட் ஏறவே இல்லை, பைப் அகலமானதற்கே இரண்டு மடங்குக்கு மேல்! போதாததற்கு, பைப்பின் கொள்ளளவு கூடினால் அதை நிரப்ப டர்போவுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரமும் ஆகும்.

எங்கே கோட்டை விடுறாங்க?

முதல் இடம் பைப்பின் முனை. முனையைச் சுற்றி வளையம் போல லேசாக எழும்பிய ஒரு விளிம்பு இருக்க வேண்டும். 'பீட்' என்பார்கள். அது இருந்தால்தான் கிளாம்ப்பைத் தாண்டி ஹோஸ் வழுக்காது. பட்டறையில் வெட்டி வெல்டிங் வைத்த பைப்பில் பல நேரம் இது இருப்பதில்லை. மொழுமொழுன்னு இருக்கும் பைப்பில் எவ்வளவு இறுக்கினாலும் ஒருநாள் கழலும். கிளாம்ப்பும் சாதாரண ஸ்க்ரூ கிளாம்ப்பை விட, போல்ட் நட் வைத்து இறுக்கும் டி-போல்ட் வகைதான் நல்லது. அதையும் அளவுக்கு மீறி முறுக்கினால் சிலிகான் ஹோஸ் வெட்டுப்படும்.

அடுத்தது எண்ணெய். டர்போ காரின் பைப்புக்குள் கொஞ்சம் எண்ணெய்ப் பசை படிவது சகஜம், டீசலில் இன்னும் அதிகம். வெறும் சிலிகான் எண்ணெயில் ஊறி நாளடைவில் தளர்ந்துவிடும். உள்ளே ஃப்ளோரோசிலிகான் பூச்சு உள்ள ஹோஸ் கேட்டு வாங்குங்க. மாட்டும்போது முனையில் எண்ணெய் துளிகூட இல்லாமல் துடைத்திருக்க வேண்டும்.

இன்ஜின் அதன் மவுன்ட்டில் ஆடிக்கொண்டே இருக்கும். இன்டர்கூலரோ பாடியோடு சேர்ந்தது, அசையாது. இடையில் வளைந்து கொடுக்கும் ஹோஸ் இல்லாமல் முழுக்க அலுமினியமாகவே மாட்டினால், ஒன்று பைப் உரசித் தேயும், இல்லாவிட்டால் ஜாயின்ட் பிடுங்கிக்கொள்ளும்.

வெட்டிய பைப்பை உள்ளே கழுவாமல் மாட்டுவதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. கோல்டு சைடில் ஒட்டியிருக்கும் அலுமினியத் துகள் நேராக இன்ஜினுக்குள் போகும். அதைத் தடுக்க அங்கே ஃபில்டர் எதுவும் இல்லை.

லீக்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

பல கார்களில் காற்றை அளக்கும் சென்சார் ஏர் ஃபில்டருக்கு அடுத்து இருக்கிறது. அதைத் தாண்டி லீக் இருந்தால், வெளியேறிய காற்றுக்கும் சேர்த்து கம்ப்யூட்டர் எரிபொருள் ஊற்றும். விளைவு கரும்புகை, மைலேஜ் சரிவு. பெட்ரோல் காரில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் அடி வாங்கும். வேறு சில கார்களில் பிக்கப் மட்டும் குறைந்து, செக் இன்ஜின் லைட் எரியும். ஸ்கேனர் போட்டால் பி0299 என்று காட்டினால், பூஸ்ட் போதவில்லை என்று அர்த்தம். லீக்கோடு ஓட்டிக்கொண்டே இருந்தால், குறையும் அழுத்தத்தை ஈடுகட்ட டர்போ தன் அளவை மீறிச் சுழலும்.

சோதனை, பஞ்சர் கடைக்காரர் ட்யூபில் குமிழ் தேடுவதைப் போலத்தான். இன்ஜினை நிறுத்தி, டர்போவின் வாயை மூடியால் அடைத்து, 1 பாருக்குள் மெதுவாகக் காற்று ஏற்றி, ஜாயின்ட்களில் சோப்புத் தண்ணி தெளிப்பார்கள். மூடி தெறிக்க வாய்ப்பு உண்டு, எதிரே நிற்காதீங்க. இந்தச் சோதனை செய்யாமல் சாவியைக் கையில் கொடுக்கும் பட்டறையில் 'செஞ்சு காட்டுங்க'ன்னு தாராளமாகக் கேட்கலாம். சில நாள் ஓட்டிய பிறகு, இன்ஜின் ஆறியிருக்கும்போது கிளாம்ப்களை மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. வாரன்டியில் உள்ள காராக இருந்தால், டர்போ போனால் கம்பெனி இந்த பைப்பைக் காட்டியே கையை விரிக்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தை எழுத்தில் சொல்லிவிடுவது பாதுகாப்பு.

கழற்றிய பழைய பைப்பை பட்டறையிலேயே விட்டுட்டு வந்துடாதீங்க. காரை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.