சுயேச்சையும் பத்துக் கையெழுத்தும்

நீண்ட பதிவு இது. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் மலையிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். பெயர் வேண்டாம். "சார், அடுத்த சட்டமன்றத் தேர்தல்ல சுயேச்சையா நிக்கலாம்னு இருக்கேன். நிக்கலாமா, வேணாமா? நீங்க சொல்லுங்க" என்றான். "ரெண்டு நாள் குடுப்பா, யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். இரண்டு நாள் ஒரு வாரமாகிவிட்டது. போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லாததால் இங்கே எழுதுகிறேன். அவனும் படிப்பான், மற்றவர்களுக்கும் பயன்படும்.

முதலில் பழைய கணக்கு. 1952-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் அன்றைய சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு 375 இடங்கள். காங்கிரசுக்கு 152 கிடைத்தது. சுயேச்சைகள் எத்தனை பேர் தெரியுமா? 62 பேர். கம்யூனிஸ்ட் கட்சிக்கும் அதே 62தான். தனிப் பெரும்பான்மை இல்லாமல்தான் ராஜாஜி ஆட்சி அமைத்தார். நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் வலுவாக இருந்த ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி அந்தத் தேர்தலில் 19 இடம் பிடித்தது. கட்சி என்ற கோட்டை அப்போது இன்னும் முழுசாகக் கட்டப்படவில்லை. ஊரில் நல்ல பெயர் இருந்தால் ஒருவர் தன் பெயரை வைத்தே ஜெயிக்க முடிந்தது.

1957-இல் தி.மு.க. முதல்முறையாகத் தேர்தலில் நின்றது. அப்போது அது அங்கீகரிக்கப்பட்ட கட்சி அல்ல. காஞ்சிபுரத்தில் அண்ணாவும் குளித்தலையில் கலைஞரும் உட்பட வென்ற 15 பேரும் தேர்தல் ஆணையப் பதிவேட்டில் சுயேச்சைகள்தான். பத்தே வருடத்தில், 1967-இல், ஆட்சியே மாறியது.

இனி மறுபக்கம். 1996-இல் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சி. தங்கள் குறைகளை யாரும் காதில் வாங்கவில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள். ஒரே தொகுதியில் 1033 வேட்பாளர்கள்! வாக்குச்சீட்டைத் தாளாக அச்சடிக்க முடியாமல் புத்தகமாகவே போட்டார்கள். தேர்தலையும் சுமார் ஒரு மாதம் தள்ளிவைத்தார்கள். முடிவில் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட இல்லை. அதாவது அவர்களே தங்களுக்குப் போட்டுக்கொள்ளவில்லை. அதே ஆண்டு ஆந்திராவின் நல்கொண்டா நாடாளுமன்றத் தொகுதியில் தண்ணீர்ப் பிரச்சினைக்காக 480 பேர் நின்றார்கள்.

அந்த விவசாயிகள் ஜெயிக்க நிற்கவில்லை. வாக்குச்சீட்டையே மனுவாக எழுதி டெல்லிக்கு அனுப்பினார்கள். டெல்லி என்ன பதில் அனுப்பியது? அதே 1996-இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டமன்றத்துக்கான வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5000 ஆனது. சுயேச்சைக்கு முன்மொழிபவர் ஒருவர் போதும் என்றிருந்தது பத்துப் பேர் என்றானது. பிரச்சாரத்துக்கான குறைந்தபட்ச நாட்கள் 20-இலிருந்து 14 ஆகக் குறைந்தன. வாக்குச்சீட்டில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பதிவு பெற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில் என்று வரிசை வைத்தார்கள். தேர்தலுக்கு முன் அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளர் இறந்தால் வாக்குப்பதிவு தள்ளிப்போகும். சுயேச்சை இறந்தால் தேர்தல் தன்பாட்டுக்கு நடக்கும். குறை அப்படியே இருக்க, குறையைச் சொல்லும் வழிதான் குறுகியது.

வைப்புத்தொகை நம் கண்டுபிடிப்பு அல்ல. 1918-இல் பிரிட்டனில் 150 பவுண்டு என்று ஆரம்பித்தது. விளையாட்டுக்கு நிற்பவர்களைத் தடுப்பதுதான் நோக்கம் என்றார்கள். பணமில்லாதவனையும் அது சேர்த்தே தடுக்கும் என்பதும் உண்மை.

அதன் பிறகும் சுயேச்சைகள் வெல்லாமல் இல்லை. 2006-இல் தளியில் டி. ராமச்சந்திரன் வென்றார். 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் டி.டி.வி. தினகரன் குக்கர் சின்னத்தில் வென்றார். ஆனால் அவர்கள் பின்னால் ஏற்கெனவே ஆட்களும் அமைப்பும் இருந்தன. 2011, 2016, 2021 ஆகிய மூன்று பொதுத் தேர்தல்களிலும் தமிழ்நாட்டில் ஒரு சுயேச்சைகூட ஜெயிக்கவில்லை. நம் பக்கத்து மேட்டூர் பத்மராஜன் 1988-இலிருந்து நின்றுகொண்டே இருக்கிறார். 200 முறைக்கு மேல் மனுத் தாக்கல் செய்தவர். சாமானியனும் நிற்கலாம் என்று காட்டவே நிற்பதாகச் சொல்கிறார்.

இப்போது நம் மலைக்கு வருவோம். கல்வராயன் மலை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்களின் கீழ் இருந்தது என்பதை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். நாடு சுதந்திரம் அடைந்து 29 ஆண்டுகள் கழித்து, 1976-இல்தான் மலை முழுமையாக அரசின் கைக்கு வந்தது. தென்னாற்காடு, 1993-இல் விழுப்புரம், 2019-இல் கள்ளக்குறிச்சி என்று மாவட்டத்தின் பெயர் இரண்டு முறை மாறிவிட்டது. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கிய சட்டமன்றத் தொகுதிகள் இரண்டே இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். நம் மலை இருக்கும் சங்கராபுரம் பொதுத் தொகுதி. மலையில் உள்ள அத்தனை ஓட்டையும் ஒருவருக்கே போட்டாலும் கீழ்நாட்டு ஓட்டு இல்லாமல் ஜெயிக்க முடியாது. 2024 ஜூனில் கருணாபுரம் விஷச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு, உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலைமக்களின் வாழ்நிலையை விசாரித்தபோதுதான் பலருக்கு நம் மலை எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரிந்தது.

இதுவரை சொன்னது வரலாறு. இனி சொல்வது என் கதை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

2001 தேர்தல் நேரம். போன் செய்த மாணவனின் அப்பா ஒரு நாள் மாலை பள்ளிக்கு வந்தார். ரோடு வேண்டும், ஆஸ்பத்திரி வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, நானே நிற்கிறேன் என்றார். "ஃபாரத்தை மட்டும் ஒரு தடவை பாத்துக் குடுங்க வாத்தியாரே" என்று கேட்டார். நான் அரசு ஊழியன், தேர்தல் பணிக்கும் போகிறவன். எனக்குப் பயம். "இதுல நான் தலையிடக் கூடாதுங்க" என்று அனுப்பிவிட்டேன். அவர் யார் யாரையோ பிடித்து மனுவை எழுதிக் கொடுத்தார். பரிசீலனையில் தள்ளுபடி ஆனது. பத்து முன்மொழிபவர்களில் ஒருவர் சேலம் மாவட்டப் பக்கம் கருமந்துறையைச் சேர்ந்த உறவுக்காரர். மலை ஒன்றுதான், தொகுதி வேறு. ஒன்பது கையெழுத்து செல்லும், பத்தாவது செல்லாது. கட்டிய பணம் திரும்ப வந்தது. அவர் மறுபடி நிற்கவே இல்லை. இப்போது அவரும் இல்லை.

வாக்காளர் பட்டியலை விரித்து இரண்டு நிமிடம் பார்த்திருந்தால் நான் கண்டுபிடித்திருப்பேன். விதிமுறையை முறித்துக் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை அவர். படித்துச் சொல்லத்தான் கேட்டார். படித்துச் சொல்வதுதானே என் வேலை?

ஆகவே, தம்பி, உனக்கு என் பதில்.

ஜெயிப்பாய் என்று பொய் சொல்ல மாட்டேன். இப்போது வைப்புத்தொகை 10,000 ரூபாய், பழங்குடியினர் என்பதால் உனக்கு 5000. சாதிச் சான்றிதழை இப்போதே எடுத்து வை. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் அந்தப் பணம் திரும்பும். இரண்டு லட்சம் ஓட்டு பதிவானால் உனக்கு 33,334 வேண்டும். கணக்கு நீயே போட்டுப் பார். சின்னம் உன் கைக்கு வந்த பிறகு ஏறக்குறைய இரண்டு வாரம்தான் இருக்கும். தேர்தல் செலவுக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்கு. முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கை ஒப்படைக்காவிட்டால் மூன்று வருடம் நிற்கத் தடை வரலாம். நிலத்தையோ நகையையோ அடமானம் வைத்து நிற்காதே. உன் வீட்டம்மாவிடம் கேட்காமலும் நிற்காதே.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நிற்க வேண்டும் என்று தோன்றினால், நில். பத்துப் பேர் பெயரையும் பாகம் எண், வரிசை எண்ணோடு எழுதிக்கொண்டு என் வீட்டுக்கு வா. வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சரிபார்ப்போம். ஒன்பது பேர் பெயரை மட்டும் எழுதி வா. நான் ஓய்வு பெற்றுவிட்டேன், என் ஓட்டும் சங்கராபுரம் தொகுதியில்தான் இருக்கிறது. பத்தாவது கையெழுத்து நான் போடுகிறேன். ஓட்டு யாருக்கு என்பதை மட்டும் கேட்காதே, அது ரகசியம்.

மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பதிவில் கட்சிச் சண்டை வேண்டாம். உங்கள் ஊரில் யாராவது சுயேச்சையாக நின்றிருந்தால் அந்த அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.

அனைவரும் நலமாக இருங்கள்.