காணிக்கு நொத்தாரிசு, ஆளுக்குக் கையொப்பம்: யாழ்ப்பாணத்தில் பிறர் கடனுக்குப் பொறுப்பாதல்

பழைய யாழ்ப்பாணத்தில் காணிக்கடன் என்றால் பெரும்பாலும் ஒற்றிதான். பணம் கொடுத்தவர் காணியை எடுத்து, அதன் விளைவை வட்டிக்குப் பதிலாக அனுபவிப்பார். முதலைக் கொடுத்தால் காணி மீளும். நிலமே கடனுக்குப் பதில் சொல்லும் இந்த ஏற்பாட்டில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. அப்படியிருக்க, ஒரு பரப்புக் காணியும் இல்லாத கூலியாள் இன்னொருவரின் காணிக்கடனுக்குள் இழுபட்டது எப்படி? விடை தேடினால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத் தொகுப்பான 1707ஆம் ஆண்டின் தேசவழமைக்குத்தான் போக வேண்டும்.

ஒல்லாந்த ஆளுநர் கொர்னேலிஸ் யோவான் சைமன்சின் கட்டளைப்படி அதைத் தொகுத்தவர் யாழ்ப்பாணத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ். தமிழாக்கியவர் யான் பீரூஸ். பன்னிரண்டு முதலியார்கள் படித்துப் பார்த்து, வழமை இதுவே என ஒப்பினார்கள். அவர்கள் காணியும் ஆட்களும் உடைய வகுப்பார். தேசவழமையை ஊரெல்லாம் ஒருமித்துச் சொன்ன வழமையாகப் படிக்கும் பழக்கம் நம் ஆய்வாளரிடம் இன்னும் இருக்கிறது. அது உடைமையாளர் வாயால் சொன்ன வழமை.

அந்த நூலில் கோவியரும் நளவரும் பள்ளரும் அடிமைகளாக வருகிறார்கள். காணியையும் நகையையும் போல அவர்களைச் சீதனமாகக் கொடுக்கலாம், ஈடும் வைக்கலாம். எசமான் காணியில் பட்ட கடனுக்கு, அந்தக் காணியில் நின்று உழைத்தவனே கைமாறக்கூடும். அவனுடைய சம்மதம் கேட்கப்படவில்லை. இந்த அடிமைச் சந்தையின் அளவை ஒல்லாந்தக் கொமாண்டர் ஹென்றிக் சுவார்டெகுரோன் 1697இல் எழுதிய குறிப்பில் காணலாம்: 1694–96 காலத்தில், இரண்டே ஆண்டுகளில், எதிரேயுள்ள இந்தியக் கரையிலிருந்து 3,589 அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒல்லாந்தக் கொம்பனி வரி வாங்கியது.

அடிமையல்லாதவனையும் பிறர் கடன் விடவில்லை. பெற்றோர் ஒன்றும் வைக்காமல் இறந்தாலும் அவர்கள் பட்ட கடனை ஆண்மக்கள் தீர்க்க வேண்டும். கொடுக்க வழியில்லாவிட்டாலும் கடன் கொடுத்தவர் அவர்கள்மேல் வழக்காடலாம் என்கிறது தேசவழமை. தகப்பன் ஒற்றி வைத்த காணி போய்விட்டது, மகன் கூலிக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். தகப்பனின் மிச்சக் கடன் அவன் பின்னாலேயே போகும்.

ஆங்கிலேயர் வந்து 1806ஆம் ஆண்டின் 18ஆம் பிரமாணத்தால் தேசவழமைக்கு முழுச் சட்டவலு கொடுத்தார்கள். அடிமைமுறையை மட்டும் தவணை தவணையாக அறுத்தார்கள். 1821இலிருந்து அடிமைகளுக்குப் பிறந்த பெண்பிள்ளைகளை அரசு விலைகொடுத்து விடுவித்தது. கடைசி முடிச்சு 1844ஆம் ஆண்டின் 20ஆம் கட்டளைச் சட்டத்தால் அவிழ்ந்தது. விடுதலை பெற்றவனுக்குக் காணி கொடுக்கப்படவில்லை. குடிசை நின்ற நிலம் பழைய எசமானுடையது. சீவல்தொழிலுக்கு ஏறிய பனையும் அவருடையது. திருவிதாங்கூருக்குப் போன புகையிலையை நம்பித் தோட்டக்காரர் கடன் வாங்கிய காலம் அது. குடியிருக்கும் காணியின் சொந்தக்காரர் பிணைக்கு நிற்கச் சொன்னால், எழும்பிப் போக வேறு இடமில்லாதவன் மறுப்பது எங்ஙனம்?

அடிமைமுறை ஒழிந்ததற்கு நான்கு ஆண்டுகள் முன்பே வந்தது 1840ஆம் ஆண்டின் 7ஆம் கட்டளைச் சட்டம். காணியை விற்கவோ ஈடு வைக்கவோ நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்றது. ஓலையிலும் வாய்ப்பேச்சிலும் நடந்த மோசடியைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. ஆனால் இன்னொருவரின் கடனுக்குத் தன்னைப் பொறுப்பாளியாக்கும் ஒப்பந்தத்துக்கு அதே சட்டம் கேட்டது எழுத்தும் கையொப்பமும் மட்டுமே. நொத்தாரிசு தேவையில்லை. ஒரு துண்டுக் காணிக்குக் கிடைத்த காவல், அந்தக் காணிக்காகப் பிணைநின்ற ஆளுக்குக் கிடைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குக் கையொப்பம் என்பது ஒரு புள்ளடி.

ரோம-டச்சுச் சட்டம் பிணையாளிக்கு ஒரு கேடயம் தந்திருந்தது: முதலில் கடனாளியின் சொத்தை விற்க வேண்டும், குறைந்தால்தான் பிணையாளியிடம் வரலாம். இந்தச் சலுகையைத் துறக்கிறேன் என்ற வாசகத்தை உறுதியில் சேர்ப்பது இலங்கையில் வழக்கமான சடங்காகிப் போனது. தான் துறந்தது என்ன என்று புள்ளடி போட்டவனுக்கு யார் விளக்கியிருப்பார்?

வெறுங்கையனின் பிணையைக் கடன் கொடுப்பவர் ஏற்பானேன் என்று கேட்கலாம். விடை 1889ஆம் ஆண்டின் குடியியல் நடைமுறைக் கோவையில் இருக்கிறது என்பது என் கணிப்பு. உடுதுணி, படுக்கை, தொழிற்கருவி, கூலியாளின் சம்பளம் ஆகியவற்றைப் நீதிமன்ற அதிகாரியான பிஸ்கால் கைப்பற்ற முடியாது என்றது அந்தக் கோவை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தீர்ப்புப் பணம் நிலுவையாக நின்றால் ஆளையே பிடித்து மறியலில் வைக்கலாம் என்றும் சொன்னது. உறவினரைப் பணம் புரட்ட வைக்க அதுவே போதும். மறியலுக்குப் பயந்தவன் கடன் கொடுத்தவரின் தோட்டத்தில் உழைத்துக் கழிக்கவும் இணங்குவான்.

ஆளைப் பிடிக்கும் அந்த அதிகாரத்துக்கும் ஒரு வரம்பு இருந்தது: தீர்ப்புத் தொகை 200 ரூபாவுக்கு மேற்பட வேண்டும். கூலியாள் தன் வயிற்றுக்குப் பட்ட கடன் அந்த எல்லையை எட்டுவது அரிது. அவனை மறியலுக்குக் கொண்டுபோகும் அளவுக்குப் பெரிய கடன், பெரும்பாலும் பிறருடைய காணிக்கடனாகவே இருக்க முடியும்.